பெரியவர் எழுதாத வசனம்

எங்கள் நாடகக் குழுவில் பெரியவர் என்றால் ஒருவர்தான். அவர் இங்கிலாந்துக்காரர், நாடகாசிரியர், செத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் டீ எப்போது வர வேண்டும் என்பதைத் தவிர குழுவில் மற்ற எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்கிறார். இயக்குநர் ஒத்திகைக்கு முன்னால் அவர் படத்தைத் துடைப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட, "பெரியவர் இதைப் பத்தி என்ன சொல்லியிருக்கார் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். பெரியவர் சொல்லாத விஷயமே கிடையாது. காய்ச்சல் என்னவோ மாத்திரையில்தான் போகும்.

நான் அந்தக் குழுவின் பிராம்ப்டர். மேடைக்குப் பக்கத்தில், திரை மறைவில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாடகப் பிரதியை விரலால் தொட்டுக்கொண்டே வருவேன். நடிகர் வசனத்தை மறந்தால் முதல் இரண்டு வார்த்தைகளைக் கிசுகிசுப்பேன். இரண்டுதான். அதற்கு மேல் கொடுத்தால் நடிகருக்கு அவமானம். காட்சி முடிந்ததும் பிரதியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த அலமாரிக்கு இன்னொரு சாவி கிடையாது. அதைச் செய்து வைக்க வேண்டும் என்று நான் சேர்ந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிராம்ப்டர் எதைக் கொடுக்கிறாரோ அதை நடிகர் யோசிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பாகக் கொடுத்தால் பழி பிராம்ப்டருடையது. எனக்கு முன்னால் இந்த முக்காலியில் இருந்தவர் ஒருமுறை சில பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். கதாநாயகி கல்யாணம் ஆவதற்கு முன்பே விதவையாகி அழ ஆரம்பித்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத்தான் சீட்டுக் கிழிந்தது. அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

இப்போது நடப்பது பெரியவரின் ஒரு நகைச்சுவை நாடகம். ஊரையே திருத்தப் பார்க்கும் ஒரு நீதிபதி. அவர் வீட்டில் மட்டும் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அவ்வளவுதான் கதை, மிச்ச நேரமெல்லாம் ஆளாளுக்கு வேஷம் மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். நீதிபதியாக நடிப்பவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன். அக்கா இருந்தவரை ஒரு நாடகத்தையும் வந்து பார்த்ததில்லை. "வீட்ல பாக்கிறது பத்தாதா?" என்பாள்.

அக்கா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று தன்னுடைய வீட்டுச் சாவியைச் சர்க்கரை டப்பா மேல் வைத்துவிட்டுப் போனாள். குப்பை கொட்டப் போனால்கூடச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவள். அது இன்னும் அந்த டப்பாவின் மேலேயேதான் இருக்கிறது. அத்தான் சர்க்கரை போடாமல் டீ குடிக்கப் பழகிவிட்டார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. போன் அடித்தால் பக்கத்து வீட்டில் அடிப்பது போல உட்கார்ந்திருப்பார். நான் தினமும் போய்ச் சமைத்து வைப்பேன், மறுநாள் போய் அதையே எடுத்துக் கொட்டுவேன். அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் நீதிபதி வேஷத்துக்குக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் அத்தான் வழவழவென்று சவரம் செய்த முகத்துடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கன்னத்தில் அங்கங்கே வெட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன சின்னவளே, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார்.

நான் அக்காவுக்கு இளையவள் என்பதால் அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் சின்னவள். இப்போது எனக்கு மூட்டு வலி வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வேஷம் போனால் அவர் மறுபடியும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். இதைக் குழுவில் யாருக்கும் நான் சொல்லவில்லை, சொன்னாலும் இயக்குநர் பெரியவர் துக்கத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று ஆரம்பிப்பாரே தவிர வேறொன்றும் நடக்காது. சிக்கல் என்னவென்றால், அத்தானுக்கு ஞாபகம் முன்போல இல்லை. ஒத்திகையிலேயே நடுநடுவே விக்கி நின்றார். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிராம்ப்டரம்மா, அண்ணன் உங்க சொந்தம்னு பாக்காதீங்க. வசனம் மாறுச்சுன்னா என்கிட்ட சொல்லிடுங்க. வேலைக்காரனா நடிக்கிறவர் நீதிபதி வசனம் பூராவும் மனப்பாடமா வச்சிருக்கார். மறுநாளே ஆளை மாத்திடலாம்."

அந்த வேலைக்காரன் வேஷக்காரர் இருக்கிறாரே, அவர் எல்லார் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார். ராணி வசனம் உட்பட. தன் வசனத்தை மட்டும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவார்.

முதல் நாள் காட்சியில் ஊர்க்காரர்கள் நீதிபதியிடம் புகார் சொல்ல வரும் இடம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், மூடினார். நான் இரண்டு வார்த்தை கொடுத்தேன். காதில் விழவில்லை. இன்னொருமுறை கொடுத்தேன். அவர் புகார்க்காரர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"குறை சொல்ல வர்றவங்க செருப்பைக் கழட்டிட்டு வாங்க. தரையாவது சுத்தமா இருக்கட்டும்."

அதுவரை தூய தமிழில் முழங்கிக்கொண்டிருந்த நீதிபதி திடீரென்று சமையலறைக்கு வந்துவிட்டார். அரங்கம் சிரித்த சிரிப்பில் என் முக்காலி ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அக்காவின் வார்த்தை. அத்தானைப் பற்றிப் புகார் சொல்ல வரும் சொந்தக்காரர்களிடம் வாசலில் நின்று அவள் சொல்வது. சிலர் கழற்றிவிட்டு வருவார்கள், சிலர் அப்படியே திரும்பிப் போவார்கள்.

காட்சி முடிந்ததும் இயக்குநர் நேராக என்னிடம் வந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"அந்தச் செருப்பு வசனம்..." என்று தலையைச் சொறிந்தார். "அது என்னோட நாலாவது திருத்தத்துல இருந்தது, இல்ல? நான்தான் எடுத்துட்டேன் போலிருக்கு. அண்ணன் ஞாபகம் வச்சுச் சொல்லியிருக்கார் பாருங்க. உயர்ந்த நடையிலேர்ந்து சட்டுனு கீழ இறங்குது. பெரியவர் பெரியவர்தான்!"

நாடகத்தை மொழிபெயர்த்தவர் அவரேதான். எத்தனை முறை திருத்தினார் என்று அவருக்கே கணக்கில்லை. நல்ல வசனம் ஒன்று காதில் விழுந்தால் அது பெரியவருடையதாகத்தான் இருக்க முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. வேறு யாரும் நல்லதாக ஒன்று சொல்லி அவர் கேட்டதில்லை, ஏனென்றால் வேறு யாரையும் அவர் பேசவிட்டதில்லை.

"ஆமா சார்," என்றேன். பெரியவர் பெரியவர்தான் என்பதற்குத்தான் ஆமாம் சொன்னேன். மற்றதற்கு அவரும் பதில் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் ஒரு பேராசிரியர் பத்திரிகையில் விமர்சனம் எழுதினார். நூற்றாண்டுகள் கடந்தும் பெரியவரின் நகைச்சுவையும் ஞானமும் மங்கவில்லை என்பதற்குச் செருப்பு வசனமே சாட்சி என்று முடித்திருந்தார். இயக்குநர் உடனே அதைப் போஸ்டராக அடித்தார். மேலே செருப்பு வசனம், கீழே பெரியவர் பெயர். எங்கள் தெருப் பல் டாக்டர் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்த் தன் கிளினிக் வாசலில் ஒட்டினார். அங்கே எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். "நல்லதாப் போச்சு, இனிமே உங்க அத்தான் பெரியவர்கிட்டயே போய்ச் சாப்பாடு கேக்கட்டும்" என்றிருப்பாள்.

அடுத்த காட்சிகளில் அத்தானுக்கு வேறு வேறு இடங்களில் மறந்தது. தன்னை யோக்கியன் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனிடம் நீதிபதி பேசும் இடத்தில், "உப்பு டப்பா மேல உப்புன்னு எழுதறது விருந்தாளிக்காகத்தான்யா. சமைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அது தன் ஏழாவது திருத்தத்தில் இருந்தது என்றார் இயக்குநர். நான் பிரதியில் விரலை வைத்துக்கொண்டு, இல்லாத வரியைப் பின்தொடர்வது போல நடித்தேன். குழுவில் அந்த மாதம் நன்றாக நடித்தது நான்தான் என்பது என் அபிப்பிராயம்.

அக்காவின் வார்த்தைகளில் ஒன்றை மட்டும் அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை. சின்ன வயதில் அத்தான் கோபக்காரர். வாரத்துக்கு ஒருமுறையாவது சண்டை போட்டுக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று போவார். நாங்கள் பதறுவோம். அக்கா அரிந்துகொண்டிருக்கும் காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோவத்துல கதவைச் சாத்திட்டுப் போறவன் சாவியை எடுத்துக்கிட்டுத்தான் போவான்" என்பாள். சாவி மாட்டும் ஆணியைப் பார்ப்போம். சாவி இருக்காது. சாப்பாட்டு நேரத்துக்கு அத்தானே பூட்டைத் திறந்துகொண்டு வந்து, தட்டு எங்கே என்று கேட்பார்.

ஐம்பதாவது காட்சி ஞாயிற்றுக்கிழமை மாலை. அதைச் சிறப்புக் காட்சியாக நடத்துவதென்றும், தொடங்குவதற்கு முன் பேராசிரியர் வந்து பெரியவரின் அழியாத ஞானத்தைப் பற்றி உரையாற்றுவதென்றும் ஏற்பாடு. பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் பெரியவரின் மூல நூல், முகத்தில் சரியாகத் தூங்காத களைப்பு.

"மன்னிக்கணும்," என்றார் இயக்குநரின் அறையில். "பேச்சுக்காக அந்த வரியை ஆங்கிலத்துல தேடினேன். கிடைக்கல. இந்த நாடகத்துல இல்ல. எந்த நாடகத்துலயும் இல்ல. உப்பும் இல்ல. நான்தான் சரியாத் தேடலையோன்னு ரெண்டு தடவை பாத்துட்டேன்."

இயக்குநர் என்னையும் அத்தானையும் அழைத்தார். நான் பிரதியைக் கொண்டுபோனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு தன் பழைய திருத்தங்களைக் கட்டோடு இறக்கிப் பார்த்தார். தூசியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

"அண்ணே," என்றார் கடைசியில். "யார் எழுதினது இது?"

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். நடிகராக இருந்தும் அவரால் முடியாது.

"என் வீட்டுக்காரி," என்றார்.

"அவங்க நாடகம் எழுதுவாங்களா?"

"இல்ல. என்னைத் திட்டுவா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவர் அத்தான் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "வேற ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"நிறைய," என்றார் அத்தான்.

"சார்!" என்று இயக்குநர் கத்தினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அந்த மனுஷனைக் கேலி செய்கிறேனே தவிர, பெரியவர் மேல் அவருக்கு இருந்தது பொய்யான பக்தி இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பெரியவரை மட்டுமே படித்து வளர்ந்தவர். அவர் வாயில் இன்னொருத்தர் வார்த்தையை வைத்துப் போஸ்டர் அடித்துவிட்டோமே என்று துடித்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமலும் இருக்க முடியாமல் நின்றார்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும்," என்றார். "இன்னிக்கு ஒரு காட்சி. பெரியவர் எழுதினது எழுதினபடி வரணும். ஒரு வார்த்தை நீங்களாச் சேத்தாலும் நாளையிலேர்ந்து நீதிபதி வேஷம் வேலைக்காரருக்கு. என்னை மன்னிச்சுக்குங்க."

கதவுக்கு வெளியே வேலைக்காரன் வேஷக்காரர் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

அத்தான் சரி என்று தலையாட்டினார். ஒப்பனை அறைக்குப் போகும் வழியில் என்னிடம், "நீ இருக்கியே, சின்னவளே," என்று மட்டும் சொன்னார். நான் இருந்து என்ன செய்ய? என்னால் இரண்டு வார்த்தைதான் கொடுக்க முடியும்.

பேராசிரியர் உரையில் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. மூச்சுவிடாமல் பெரியவரின் உவமைகளைப் பற்றிப் பேசி இறங்கினார். நாடகம் தொடங்கியது. முதல் அங்கம் முழுக்க அத்தான் ஒரு வார்த்தை பிசகவில்லை. புகார்க்காரர்கள் செருப்போடு வந்தார்கள், செருப்போடு போனார்கள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தது எனக்கே தெரிந்தது. இயக்குநர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, பிரதியையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டாம் அங்கத்தின் கடைசியில் ஒரு நீண்ட வசனம். வீட்டில் எல்லாரும் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீதிபதி தனியாக, திறந்து கிடக்கும் கதவைப் பார்த்தபடி நின்று பேச வேண்டும். அத்தான் கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீதி என்பது," என்றேன்.

அசையவில்லை.

"நீதி என்பது..."

அவர் கண் கதவை விட்டு வரவில்லை. இது மறதி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கதவைப் பார்த்த இடத்தில் அவருக்குப் பெரியவர், நீதிபதி, ஊர் எல்லாமே போய்விட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் மேடைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். திரையின் மறுபக்கத்தில் வேலைக்காரன் வேஷக்காரரின் வாய் சத்தமில்லாமல் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் இத்தனை வருஷத்தில் பிரதியில் இல்லாத ஒரு எழுத்தைக்கூட மேடைக்குக் கொடுத்ததில்லை. பிரதியை மடியில் மூடி வைத்தேன்.

"கோவத்துல கதவை," என்றேன்.

அத்தானின் தலை என் பக்கம் திரும்பியது. நான் அங்கே இருப்பது அந்த நிமிஷம் அவருக்கு நினைவில் இருந்திருக்காது. வேறு யாரையோ எதிர்பார்த்துத்தான் திரும்பினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"கோவத்துல கதவைச் சாத்திட்டுப் போறவன் சாவியை எடுத்துக்கிட்டுத்தான் போவான்," என்றார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. முதல் அங்கத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார். அப்புறம் அக்கா சொல்லாத, நான் கொடுக்காத ஒன்றை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் சொன்னார்.

"சாவியை வச்சிட்டுப் போனவங்களுக்குக் கதவைத் திறந்து வச்சுப் பிரயோஜனமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவர் நடந்து போய் மேடையிலிருந்த கதவைத் தன் கையாலேயே மெதுவாகச் சாத்தினார். திரும்பி நின்று, "நீதி என்பது" என்று ஆரம்பித்தார். பெரியவரின் முழு வசனத்தையும் ஒரு வார்த்தை தவறாமல் சொல்லி முடித்தார். அதை அவ்வளவு நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்வரிசையில் பேராசிரியர் மடியில் மூல நூல் திறக்காமலே கிடந்தது. எனக்குப் பின்னால் இயக்குநர் மூக்கை உறிஞ்சினார்.

காட்சி முடிந்தது. நான் பிரதியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் தொடரட்டும்," என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றி சார்."

"அவர் மேல தப்பில்ல. பிராம்ப்டர் கொடுத்ததைச் சொன்னார். நம்ம வழக்கம் அதுதானே. அடுத்த வரியும் அதுல சேந்ததுதான்னு நான் எடுத்துக்கிறேன். நான் உங்க பின்னாலதான் நின்னேன், பிராம்ப்டரம்மா. நீங்க பிரதியை மூடினதைப் பாத்தேன்." அவர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

இது நியாயம்தான். நானே அவர் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நியாயம் என்று தெரிந்தால் கோபம் வராது என்று யார் சொன்னது? எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அத்தானின் ஜன்னல் திறந்தே இருக்கும், பேசாமல் வந்திருக்க வேண்டியவள். பதிலாக, பெரியவர் உயிரோடிருந்தால் அக்காவின் வசனத்தைக் கேட்டதும் தன்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டிருப்பார் என்றேன். இந்த முக்காலியில் வேறு எவள் வந்து உட்காருகிறாள் பார்க்கிறேன் என்றேன். இனி இந்த வாசலை மிதித்தால் ஏன் என்று கேளுங்கள் என்றேன். வெளியே வந்து கதவை ஓங்கிச் சாத்தினேன். உள்ளே பெரியவர் படம் விழுந்த சத்தம் கேட்டது.

அத்தான் முகத்தில் பாதி ஒப்பனையோடு தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "முடிஞ்சுபோச்சு அத்தான், நான் இனிமே வரமாட்டேன்" என்றேன்.

அவர் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அலமாரிச் சாவி என் கையில் இருந்தது.

அத்தான் துண்டால் கன்னத்துப் பவுடரைத் துடைத்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ஆறு மணிக்குத்தானே காட்சி?" என்றார்.

"ஆமா," என்றேன்.